மணியின் நோய் ஐந்து நாளில் வந்ததல்ல

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எங்கள் வீட்டில் மணி என்ற நாட்டு நாய் இருந்தான். வயது ஐந்து, எடை பதினெட்டு கிலோ. மே மாதத்தில் நான்கைந்து நாட்களாகச் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டான். ஆனால் பிஸ்கட் கொடுத்தால் தின்றான், என்னைப் பார்த்தால் வாலாட்டினான். அக்னி நட்சத்திர வெயில்தான் காரணம் என்றார் என் கணவர். மூக்கும் ஈரமாகத்தான் இருந்தது. உடம்பு சுடுவதுபோல் தெரிந்ததால், தெரிந்தவர் சொன்னபடி 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையில் பாதி கொடுத்தோம். ஐந்தாம் நாள் காலை மூக்கிலிருந்து ரத்தம் வடிந்தது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உண்ணிக் காய்ச்சல் என்றார்கள். ரத்தத் தட்டணுக்கள் 14,000, ஹீமோகுளோபின் 4.8, வெள்ளணுக்கள் 2,100 என்று அறிக்கை சொல்கிறது. மறுநாள் இறந்துவிட்டான். இப்போது யோசித்தால், பொங்கலுக்குப் பிறகே அவன் இளைக்கத் தொடங்கியிருந்தான். மாடிக்கு வருவதை நிறுத்தியிருந்தான். வயிற்றில் இருந்த சிவப்புப் புள்ளிகளை வேர்க்குரு என்று நினைத்தோம். ஐந்து நாள் முன்பே கூட்டிப்போயிருந்தால் பிழைத்திருப்பானா? நாய்க்கு நோய் வந்திருப்பதை வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? செல்லி என்ற நான்கு வயதுப் பெட்டையும் எங்களிடம் இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மணியைப் பற்றிப் பேசுவதற்கு முன் செல்லியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவள் விஷயத்தில் இன்னும் நேரம் இருக்கிறது. மணியைக் கடித்த உண்ணிகள் இருந்த அதே வீட்டில், அதே தரையில்தான் அவளும் படுத்து எழுகிறாள். நன்றாக இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும். இந்த வாரமே அவளைக் கூட்டிப்போய் முழு ரத்த அணுப் பரிசோதனையும் உண்ணிக் காய்ச்சலுக்கான பரிசோதனையும் செய்துவிடுங்கள். உங்கள் ஊரிலிருந்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை எட்டும் தூரம்தான். "கூடவே வளர்ந்த நாய் உண்ணிக் காய்ச்சலில் இறந்தது" என்ற தகவலை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மணியின் அறிக்கையையும் கையில் எடுத்துப் போங்கள். இந்தப் பதிலில் வேறு எதையும் நீங்கள் செய்ய முடியாமல் போனாலும் இதைச் செய்துவிட வேண்டும்.

இனி மணி. ஐந்து நாள் முன்பு போயிருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்கிறீர்கள். உங்கள் அறிக்கையில் உள்ள மூன்று எண்களை வைத்துச் சொல்கிறேன். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் நாய்க்குப் பொதுவாக இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும். ஹீமோகுளோபின் 12க்கும் வெள்ளணுக்கள் 6,000க்கும் மேல் இருக்கும். உண்ணிக் காய்ச்சல் புதிதாகத் தாக்கும்போது பெரும்பாலும் தட்டணுக்கள்தான் விழும். மணிக்கு மூன்றும் ஒன்றாக விழுந்திருக்கின்றன. ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையே சோர்ந்துபோனால்தான் பெரும்பாலும் இப்படி ஆகும். அது ஐந்து நாளில் வரும் நிலை அல்ல. இந்தக் காய்ச்சலை உண்டாக்கும் எர்லிக்கியா என்ற கிருமி, உண்ணி கடித்த ஒன்றிலிருந்து மூன்று வாரங்களுக்குள் லேசான காய்ச்சலாகத் தலைகாட்டும். பல நாய்களில் அது தானே அடங்கியதுபோலத் தோன்றும். பிறகு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், எந்தச் சத்தமும் இல்லாமல் உடம்பில் உட்கார்ந்திருக்கும். கடைசியில்தான் மூக்கில் ரத்தம். ஆகவே நீங்கள் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கும் அந்த ஐந்து நாட்கள் முடிவை மாற்றியிருக்க வாய்ப்பு குறைவு. அந்தச் சுமையை இறக்கி வையுங்கள்.

பொங்கலுக்குப் பிந்தைய மாதங்கள் அப்படியல்ல. அப்போது பிடித்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். முதல் கட்டத்தில் மருந்து தொடங்கிய நாய்கள் பெரும்பாலும் ஓரிரு நாட்களிலேயே தலை நிமிர்ந்து சாப்பிடத் தொடங்கிவிடும். இதை உங்களைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். இளைத்தது, படி ஏறாதது, வயிற்றுப் புள்ளிகள், பாதிச் சோறு: ஒரு மருத்துவருக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருக்கிறது. உங்கள் வீடு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது. ஆனால் சோறு மீந்ததைப் பார்த்தவர் ஒருவர், மாடியில் மணி இல்லை என்று கவனித்தவர் இன்னொருவர், குளிப்பாட்டும்போது புள்ளியைக் கண்டவர் மற்றொருவர் என்றுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் கிடைத்துவிடும். வெயில், வயது, வேர்க்குரு. நான்கும் ஒரே தாளில் இருந்திருந்தால் யாரும் வெயில் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதனால் என் முதல் யோசனை மிக எளிமையானது. சமையலறையில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் இருக்குமல்லவா, அதிலேயே செல்லிக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். வழக்கத்துக்கு மாறாக எது தெரிந்தாலும், யார் கண்ணில் பட்டாலும், அந்தத் தேதிக் கட்டத்தில் இரண்டு சொல் எழுத வேண்டும். "சோறு பாதி." "இருமல்." "இடது பின்கால் நொண்டல்." உண்ணி எடுத்த நாள், பூச்சி மருந்து கொடுத்த நாள், பருவம் வந்த நாள், தடுப்பூசி நாள் எல்லாம் அதில் வரட்டும். மாதம் ஒருமுறை எடையும் வேண்டும். எடை பார்க்கும் கருவியில் முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம்தான் நாயின் எடை. தினமும் பார்க்கும் கண்ணுக்கு இளைப்பு தெரியாது, எண்ணுக்குத் தெரியும். பதினெட்டு கிலோ நாய் காரணமில்லாமல் பதினாறுக்கு வந்தால் அது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். சாப்பிட்டுக்கொண்டே இளைத்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூக்கு ஈரமாகத்தான் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மூக்கின் ஈரத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். தூங்கி எழுந்த நாய்க்கும் வெயிலில் படுத்த நாய்க்கும் மூக்கு காய்ந்திருக்கும். கடுமையாக நோயுற்ற நாய்க்கு ஈரமாகவும் இருக்கும். மூக்கில் பார்க்க வேண்டியது சளி, சீழ், ரத்தம், அது ஒரு துவாரத்திலா இரண்டிலுமா என்பதைத்தான். வாலாட்டுவதும் அப்படியே. உடம்பு முடியாத நாயும் தன் மனிதரைக் கண்டால் வாலை அசைக்கும்.

பிஸ்கட் தின்று சோற்றை ஒதுக்கியதை அடம் என்று பலரும் நினைக்கிறார்கள். பசி ஒரே நாளில் அணைந்துவிடுவதில்லை. முதலில் சாதாரணச் சோறு பிடிக்காது, பிறகு கறிச்சோறு, பிறகு பிஸ்கட், கடைசியில் தண்ணீர். எந்தப் படியில் நாய் நிற்கிறது என்று பாருங்கள். வெயிலா நோயா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. வெயிலால் பகலில் சாப்பிடாத நாய் இரவு காற்று இறங்கியதும் தட்டைக் காலி செய்துவிடும். இரவிலும் சோற்றை விட்டால், அடுத்த நாளும் அப்படியே என்றால், காரணம் வெயில் அல்ல. வளர்ந்த நாய் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். குட்டிகளுக்கு அவ்வளவு நேரம் தரக்கூடாது.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் எனக்கு மிகவும் நம்பிக்கையானது ஈறு பார்ப்பது. பகல் வெளிச்சத்தில், மேலுதட்டை மெதுவாகத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே பாருங்கள். ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். விரலால் ஒரு கணம் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். வெளுத்த ஈறு என்றால் ரத்தம் குறைந்திருக்கிறது. உண்ணிக் காய்ச்சல், குட்டிகளில் கொக்கிப்புழு, உள்ளே எங்கோ ரத்தக்கசிவு என்று காரணம் பல. மஞ்சள் என்றால் காமாலை. நீலம் என்றால் மூச்சுக்காற்று போதவில்லை. செங்கல் சிவப்பாக இருந்து நாய் விடாமல் இரைத்தால் வெப்பத்தாக்கு. பல நாட்டு நாய்களுக்கு ஈறு இயல்பாகவே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். ஈறிலும் ரோமம் குறைந்த அடிவயிற்றிலும் குண்டூசி முனை அளவுச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் கண்ணாடித் தம்ளரின் பக்கவாட்டை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பின் சிவப்பு அழுத்தத்தில் மறையும். தோலுக்கடியில் கசிந்த ரத்தம் மறையாது. மணியின் வேர்க்குரு அநேகமாக இந்த இரண்டாவது வகைதான்.

ஈறு பார்க்கும் பழக்கத்தைச் செல்லி நன்றாக இருக்கும் இன்றே தொடங்குங்கள். அவளுடைய இயல்பான நிறம் என்னவென்று தெரிந்தால்தான் மாறும்போது தெரியும். ஒரே ஒரு விலக்கை மட்டும் மறக்கக்கூடாது. குரைக்கும் குரல் திடீரென்று மாறி, தாடை தொங்கி, எச்சில் வழிந்து, விழுங்க முடியாமல் தவிக்கும் நாயின் வாயில் ஒருபோதும் கை வைக்காதீர்கள். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விடுவார்கள். ரேபீஸும் இப்படித்தான் தொடங்கும். சாதுவான நாய் காரணமின்றி மூர்க்கமாவதும், முரட்டு நாய் இருட்டு மூலையில் ஒடுங்குவதும் அதே சந்தேகத்துக்கு உரியவை. நாயைத் தனியறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். எச்சில் காயத்தில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

உடம்பைத் தொட்டுக் காய்ச்சல் சொல்வது நாயிடம் பலிக்காது. நாயின் இயல்பான வெப்பமே 100.5 முதல் 102.5 பாரன்ஹீட் வரை, நம் கைக்கு எப்போதும் சூடாகத்தான் தெரியும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை நாய்க்கென்றே தனியாக வாங்கி வையுங்கள். நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் சிறிதளவு நுழைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் தலைப் பக்கம் அணைத்துப் பிடித்துப் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் நிற்கும். 103ஐத் தாண்டினால் மருத்துவரிடம் பேசுங்கள், 104 என்றால் அன்றே காட்டுங்கள். 99க்குக் கீழே போனால் அது காய்ச்சலைவிட மோசமான செய்தி.

அந்த அரை பாராசிட்டமால் பற்றியும் சொல்ல வேண்டும். மணியின் எடைக்கு அது நஞ்சாகும் அளவு அல்ல, அவன் அதனால் இறக்கவில்லை. ஆனால் இனி எந்த நாய்க்கும் மனித மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். சின்ன நாய்க்கு அளவு தவறினால் பாராசிட்டமால் கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுத்துவிடும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இன்னும் ஆபத்தானவை. இரைப்பையில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். தட்டணுக்கள் ஏற்கெனவே விழுந்திருக்கும் நாய்க்கு இரைப்பையில் ரத்தக்கசிவு வந்தால் மீட்பது மிகக் கடினம். உண்ணிக் காய்ச்சல் பரவலாக உள்ள நம் ஊரில், காய்ச்சல் என்றதும் வலி மாத்திரை என்ற பழக்கம் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது.

மூச்சை எண்ணுவதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நாய் அசந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். கனவில் கால் உதறும் நேரத்தை விட்டுவிடுங்கள். முப்பதுக்குள் இருக்க வேண்டும். குளிர்ந்த இடத்தில் தூங்கும் நாய்க்கு மீண்டும் மீண்டும் முப்பதைத் தாண்டினால் இதயத்தையோ நுரையீரலையோ பார்க்க வேண்டும். வயதான நாய்களிடம் இருமல் தொடங்குவதற்கு முன்பே இந்த எண் ஏறிவிடுவது உண்டு.

தண்ணீர் விஷயம் செல்லிக்கு மிக முக்கியம். அவளுக்குக் கருத்தடை அறுவை செய்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால் இதைக் கவனமாகப் படியுங்கள். பெட்டை நாய்க்குப் பருவம் முடிந்து பெரும்பாலும் ஒன்று இரண்டு மாதங்களுக்குள் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வரக்கூடும். முதல் அறிகுறி பல சமயம் தாகம்தான். கிண்ணம் காலியாகிக்கொண்டே இருக்கும், இரவில் சிறுநீர் கழிக்க எழுப்பும், சோறு குறையும். பின்புறம் சீழ் வடிந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். கருப்பை வாய் மூடிக்கொண்டால் ஒரு சொட்டும் வெளியே வராது, வயிறு மட்டும் உப்பும். இரண்டாவது வகையில்தான் உயிர் அதிகம் போகிறது. நாய் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு ஐம்பது, அறுபது மில்லி தண்ணீர் குடிக்கும். நூறைத் தாண்டினால் நோய் என்றே எடுத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் பாட்டிலால் கிண்ணத்தை நிரப்பினால் கணக்கு எளிது. காலண்டரில் பருவத் தேதி இருந்தால் மருத்துவர் பாதி வேலையை அதிலேயே முடித்துவிடுவார். சிறுநீரக நோயும் சர்க்கரை நோயும்கூட இதே தாகத்தோடு வரும். குட்டி வேண்டாம் என்றால், ரத்தப் பரிசோதனை நன்றாக வந்த பிறகு கருத்தடை அறுவையைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

சிறுநீரும் மலமும் பார்க்கக் கூசும் பொருள்கள் அல்ல. சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் ரத்த அணுக்கள் உடைகின்றன அல்லது கல்லீரல் அடிபட்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். பபீசியா என்ற இன்னோர் உண்ணி நோயிலும் எலிக்காய்ச்சலிலும் இப்படி ஆகும். உங்களுடையது வயலும் வாய்க்காலும் எலியும் சூழ்ந்த மாவட்டம். மழைக்காலத்தில் தேங்கிய நீரைக் குடிக்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் வரலாம், அதன் சிறுநீர் வழியாக மனிதருக்கும் தொற்றலாம். கையுறை போட்டு, பிளீச்சிங் பவுடர் கலந்த நீரால் தரையைக் கழுவுங்கள். மலம் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனால் இரைப்பையிலோ குடலின் மேல்பகுதியிலோ ரத்தம் கசிகிறது.

வலியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நாய் வலிக்கு அழுவது குறைவு. படி ஏறாது, தூக்கினால் உறுமும், ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும், முதுகை வளைத்து நிற்கும். வயிற்று வலியில் முன்கால்களைத் தரையில் நீட்டிப் பின்புறத்தை உயர்த்திக்கொள்ளும், விளையாடக் கூப்பிடுவதாக நாம் நினைப்போம். மணி மாடிக்கு வராமல் போனது சோர்வாலா மூட்டு வலியாலா, இரண்டுமேவா என்று சொல்ல முடியாது. உண்ணிக் காய்ச்சல் இரண்டையும் கொடுக்கும்.

விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவிக்கும் பெரிய நாய். சிறுநீர் கழிக்க நின்று நின்று ஒரு சொட்டும் வராத ஆண் நாய். ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு, அல்லது ஒரே நாளில் இரண்டாவது வலிப்பு. கழுத்தை நீட்டி வாயால் மூச்சு வாங்குவது. வெளுத்த அல்லது நீலம் பாய்ந்த ஈறு. பாம்புக்கடி. தண்ணீரைக்கூட வயிற்றில் நிறுத்த முடியாமல் ரத்தம் கலந்து கழியும் குட்டி, அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். எலி மருந்து தின்றது தெரிந்தால் நாய் துள்ளிக்கொண்டிருந்தாலும் உடனே போங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை மருந்து சில நாள் கழித்தே வேலையைக் காட்டும். வெப்பத்தாக்கு என்றால் நிழலுக்குக் கொண்டுவந்து குழாய்த் தண்ணீரால் உடம்பை நனைத்து, மின்விசிறியின் கீழ் வைத்துவிட்டுப் புறப்படுங்கள். பனிக்கட்டியில் போடாதீர்கள்.

உண்ணியை ஒழிக்காமல் இவ்வளவும் பாதி வேலைதான். காது மடலின் உட்புறம், விரலிடுக்கு, அக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், வாலின் அடியில் தினமும் தடவிப் பாருங்கள். எடுத்ததை விரலால் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள். ரத்தம் குடித்துக் கொழுத்த பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கிச் சுவர் விரிசலுக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் மணி படுத்த இடத்தின் விரிசல்களைச் சிமெண்டால் பூசி, சுண்ணாம்பு அடியுங்கள். அவனுடைய சாக்கையும் விரிப்பையும் எரித்துவிடுங்கள், பிரிய மனமில்லாவிட்டாலும். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் குத்துமதிப்பாகக் கலந்து செல்லியைக் குளிப்பாட்ட வேண்டாம். நக்கியே நஞ்சேறிய நாய்களைப் பார்த்திருக்கிறேன். எடைக்கேற்ற மாத்திரையோ, கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ மருத்துவர் தருவார். அதை ஆண்டு முழுவதும் தவறாமல் கொடுக்க வேண்டும், நம் ஊரில் உண்ணிக்கு ஓய்வுக் காலம் இல்லை.

செல்லிக்கு நோய் இருப்பது தெரிந்தால் பயப்படாதீர்கள். அறிகுறி தெரியும் முன்பே பிடித்தது நல்லதுதான். கிருமியைக் கொல்லும் டாக்சிசைக்ளின் மாத்திரையைப் பொதுவாக நான்கு வாரம் கொடுக்கச் சொல்வார்கள். மூன்றாம் நாளே சுறுசுறுப்பாகிவிட்டாள் என்று ஐந்தாம் நாள் நிறுத்துவது நம் வீடுகளில் சகஜம், அதைச் செய்யாதீர்கள். மாத்திரையைச் சோற்றோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் குமட்டும். கடைசி மாத்திரைக்குப் பிறகு தட்டணுக்களை மறுபடி எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது காலண்டர் தாளைக் கிழித்தே எடுத்துப் போங்கள். இருமலோ வலிப்போ நொண்டலோ வீட்டில் தெரிந்தால் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள், மருத்துவர் முன்னால் நாய் அதைச் செய்யாது. மலம் அன்று காலை எடுத்ததாக இருக்கட்டும், சுத்தமான டப்பாவில். இதற்கு முன் கொடுத்த மாத்திரைகளின் அட்டையையும் மறைக்காமல் காட்டுங்கள், யார் சொல்லிக் கொடுத்ததாக இருந்தாலும்.